ஐந்து வெள்ளிக்கிழமை வரும் மாதமும் நான்கே வரும் மாதமும்

மாதச் சம்பளம் பெறுபவரின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் வரவுப் பத்தியில் மாதத்திற்கு ஒரு வரிதான் பெரிதாகத் தெரியும். செயலிவழி வாடகை வண்டி ஓட்டுபவரின் கணக்குப் புத்தகம் வேறு வகையானது. வரவுப் பத்தி முழுவதும் சிறு தொகைகள் நிறைந்திருக்கும்: 310, 1,140, 85, 760, பின்னர் இரண்டு நாள் ஒன்றுமில்லை, மீண்டும் 1,425. பற்றுப் பத்தியில் மட்டும் ஐந்தாம் தேதியோ பத்தாம் தேதியோ ஒரே தொகை மாறாமல் நிற்கும். அது வண்டிக் கடனின் தவணை.

அலைபாயும் வரவையும் அசையாத பற்றையும் பொருத்திப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை. வண்டி வாங்கக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்களில் பலர், "மாதம் எவ்வளவு வருமானம்?" என்ற கேள்விக்குச் சற்றே தயங்கி ஒரு தொகையைச் சொல்கின்றனர். அத்தொகை பெரும்பாலும் அவர்கள் கண்ட நல்ல மாதத்தின் தொகையாகவே இருக்கும். அவர்கள் பொய் சொல்வதில்லை. நினைவில் நிற்பது நல்ல மாதம், அவ்வளவே. அந்த ஒரு தொகையை நம்பி ஐந்தாண்டுத் தவணை நிர்ணயமாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இது ஒரு சிறு கூட்டத்தின் கவலையும் அன்று. நிதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் நாட்டில் 77 இலட்சம் பேர் இத்தகைய பணிகளில் இருந்ததாகவும், 2029-30க்குள் அந்த எண்ணிக்கை 2.35 கோடியை எட்டக்கூடும் என்றும் மதிப்பிட்டது. வாடகை வண்டி ஓட்டுபவர், உணவு கொண்டு சேர்ப்பவர், பொதி எடுத்துச் செல்பவர் எனப் பலரும் இதில் அடங்குவர்.

கட்டணம் வேறு, வருமானம் வேறு

பயணி கொடுக்கும் கட்டணம் முழுவதும் ஓட்டுநருடையது அன்று என்பது எல்லோரும் அறிந்ததே. எவ்வளவு அவருடையது என்பதைத்தான் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2020இலும் பின்னர் 2025 ஜூலையிலும் வெளியிட்ட வாடகை வண்டித் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள், சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் சேர வேண்டும் என்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு: சில சவாரிகள் சேர்ந்து 1,000 ரூபாய் கட்டணம் கிடைத்தது எனக் கொள்வோம். தளத்தின் பங்கு போக 800 ரூபாய். பயணியோடு ஓடியது 40 கிலோமீட்டர். பயணியைத் தேடியும் ஏற்றச் சென்றும் காலியாக ஓடியது 20 கிலோமீட்டர். கிலோவுக்கு 20 கிலோமீட்டர் ஓடும் எரிவாயு வண்டியில், கிலோ 90 ரூபாய் என்ற விலையில், எரிபொருளுக்கு 270 ரூபாய் ஆகும். மிச்சம் 530.

அதே சவாரிகளை முடிக்கக் காலி ஓட்டம் 20க்குப் பதில் 40 கிலோமீட்டர் ஆகிவிட்டால் எரிபொருள் 360 ரூபாயாகி, மிச்சம் 440ஆகக் குறையும். கட்டணத்தில் ஒரு ரூபாயும் மாறவில்லை. ஆனால் கைக்கு வந்தது ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்துவிட்டது. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கட்டணத்தைவிட இறக்குமிடத்தை ஏன் அவ்வளவு கூர்ந்து பார்க்கின்றனர் என்பதற்கு இதுவே காரணம். "அங்கே போனால் திரும்பக் காலிதான்" என்று அவர்கள் முணுமுணுப்பதைப் பயணிகள் பிடிவாதம் என்று எண்ணுவதுண்டு. அது ஒரு கணக்கு.

அண்மை ஆண்டுகளில் பங்கு எடுக்கும் முறைக்குப் பதிலாக நாளொன்றுக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்கும் முறையும் பரவி வருகிறது. 2022 நவம்பரில் பெங்களூருவில் அறிமுகமான நம்ம யாத்ரி இதற்கு முன்னோடி. ஆட்டோக்களைப் பொறுத்தவரை பெருநிறுவனங்களும் பின்னர் இம்முறைக்கு மாறின. ஓட்டுநருக்கு இது பொதுவாக நன்மையே. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாள் கட்டணம் 100 ரூபாய் என்றால், 2,000 ரூபாய் ஈட்டும் நாளில் அது 5 சதவீதம். 800 ரூபாய் மட்டுமே ஈட்டும் நாளில் 12.5 சதவீதம். பங்கு முறையில் நல்ல நாளும் மந்த நாளும் ஒரே விகிதத்தில் குறையும். நிலையான கட்டணமோ நல்ல நாளை மேலும் நல்லதாக்கி, மந்த நாளை மேலும் மந்தமாக்கும். ஏற்ற இறக்கத்தைச் சற்றுக் கூட்டும் ஏற்பாடு அது.

ஊருக்கு ஊர்

ஒரே ஆறு கிலோமீட்டர் ஆட்டோ சவாரி. அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணப்படி நான்கு நகரங்களில் அதற்கு என்ன கிடைக்கும்? பெங்களூருவில் 2025 ஆகஸ்டு முதல் நடப்புக்கு வந்த கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பின்னர் கிலோமீட்டருக்கு 18. ஆகவே 108 ரூபாய். மும்பையில் 2025 பிப்ரவரி முதல், முதல் 1.5 கிலோமீட்டருக்கு 26 ரூபாய், அதன் மேல் 17.14, ஏறத்தாழ 103 ரூபாய். தில்லியில் 2023 ஜனவரியில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பின்னர் 11. ஏறத்தாழ 80 ரூபாய். சென்னையில் 2013இல் அறிவிக்கப்பட்ட கட்டணமோ முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் மேல் 12. ஏறத்தாழ 75 ரூபாய். காத்திருப்புக் கட்டணம் இவற்றில் சேரவில்லை.

சென்னையில் மீட்டர் கட்டணத்தில் ஓடும் ஆட்டோவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதை வாசகர்கள் அறிவர். நிர்ணயித்த கட்டணம் பல்லாண்டு பழையதாகிவிட்டால் பேரமும் செயலியும் சேர்ந்து வேறொரு விலையை உண்டாக்கிவிடுகின்றன. அந்த விலைக்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் இல்லாததால், வருமானத்தைக் காட்டிக் கடன் கேட்கும் ஓட்டுநருக்கே அது பின்னர் இடையூறாகிறது.

மேலே கண்ட தொகைகளை மட்டும் வைத்துப் பெங்களூரு ஓட்டுநர் செல்வர், தில்லி ஓட்டுநர் வறியவர் என்று முடிவுகட்டுவது பிழை. ஓட்டுநர் விற்பது கிலோமீட்டரை அன்று, தம் நேரத்தை. டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் போக்குவரத்துக் குறியீட்டின்படி கொல்கத்தா, பெங்களூரு, புணே ஆகிய நகரங்களில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 33 முதல் 35 நிமிடம் ஆகிறது. அந்த வேகத்தில் ஆறு கிலோமீட்டர் சவாரிக்கு 20 நிமிடம். பயணியிடம் சென்று சேரவும் காத்திருக்கவும் பத்து நிமிடம் ஆகுமென்றால், மணிக்கு இரண்டு சவாரி; அதாவது 216 ரூபாய். மாலை நெரிசலில் அதே சவாரி 45 நிமிடம் இழுத்துவிட்டால் மணிக்கு ஒன்றுதான். கூட்டம் மிகுந்த நேரமே வருமானம் மிகுந்த நேரம் என்ற பொதுவான எண்ணம் ஓரளவுக்குத்தான் மெய். கூட்டம் சாலையை அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெருகினால், கிலோமீட்டர் கணக்கில் கூலி பெறுபவர் அதனால் இழக்கவே செய்கிறார்.

எரிபொருளும் ஊருக்கு ஊர் மாறுகிறது. உச்ச நீதிமன்றத்தின் 1998ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து தில்லியின் பேருந்துகளும் ஆட்டோக்களும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறின. குறைந்த மீட்டர் கட்டணத்தை அங்குள்ளவர்கள் தாங்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். பெட்ரோல் விலை மாநில வரியைப் பொறுத்தது. 2025இல் தில்லியில் லிட்டர் 95 ரூபாயை ஒட்டியும், சென்னை, பெங்களூரு, மும்பை நகரங்களில் 100 ரூபாய்க்கு மேலும் இருந்தது. உணவு கொண்டு சேர்க்கும் ஒருவர் நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுகிறார், அவருடைய வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால், மும்பையில் ஓட்டுபவருக்குத் தில்லியில் ஓட்டுபவரைவிட நாளுக்கு 23 ரூபாய் கூடுதலாகச் செலவாகும். இருபத்தாறு வேலை நாளில் அது ஏறத்தாழ 600 ரூபாய். பெரிய தொகை அன்றே என்று தோன்றலாம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, ஜீவன் ஜோதி பீமா ஆகிய இரண்டு காப்பீடுகளுக்கும் சேர்த்து ஓர் ஆண்டுக்குச் செலுத்த வேண்டிய தொகை 456 ரூபாய்தான் என்பதையும் உடன் நினைவுகூரலாம்.

நகரத்தின் அமைப்பும் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. மும்பையில் நெடுந்தொலைவைப் புறநகர் ரயில்களே சுமக்கின்றன. பாந்திராவுக்கும் சயனுக்கும் தெற்கே ஆட்டோக்களுக்கு அனுமதியே இல்லை. ஆகவே புறநகர் ஆட்டோவின் பிழைப்பு பெரும்பாலும் நிலையத்திலிருந்து வீடு, வீட்டிலிருந்து நிலையம் என்ற குறுஞ்சவாரிகளால் ஆனது; எண்ணிக்கை மிகுதி, காலி ஓட்டம் குறைவு. பெங்களூருவில் நிலைமை வேறு. தேவனஹள்ளி விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே போகும் சவாரி நல்ல சவாரி. திரும்பும் சவாரி கிடைக்கும்வரை வரிசையில் காத்திருக்கும் நேரமே அச்சவாரியின் உண்மையான விலையைத் தீர்மானிக்கும். தில்லியைச் சுற்றிக் குருகிராம் ஹரியாணாவிலும் நொய்டா உத்தரப் பிரதேசத்திலும் இருப்பதால், வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் மாநில எல்லை கடக்கின்றனர். வண்டியின் அனுமதிச் சீட்டோ எல்லையை எளிதாகக் கடப்பதில்லை.

சிறு நகரங்களைப் பற்றி ஒரு சொல். அங்கே அழைப்புகள் குறைவு, தொலைவும் குறைவு. ஆனால் ஓட்டுநர் தம் சொந்த வீட்டிலிருந்து வண்டியை எடுக்கிறார். பெருநகரில் மாதம் எட்டாயிரம் வாடகைக்கு ஓர் அறையைப் பிடித்து, ஊரிலுள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்புபவரோடு அவரை ஒப்பிடும்போது, வரவுப் பத்தியை மட்டும் பார்த்தால் போதாது.

மாநில விதிகள் ஒரே நாளில் மாறுவதும் உண்டு. கர்நாடகத்தில் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2025 ஜூன் 16 அன்று இருசக்கர வாடகைச் சேவை நிறுத்தப்பட்டபோது, அதையே நம்பித் தவணையில் வண்டி வாங்கியிருந்தவர்களுக்கு முந்தைய மாதச் சராசரி எதற்கும் உதவவில்லை.

நாளுக்கு நாள்

இப்போது கிழமைக்கு வருவோம். அலுவலகப் போக்குவரத்தை நம்பும் நகரங்களில் திங்கட்கிழமை காலை வலுவானது. வெளியூர் சென்று திரும்புவோர் விடியலிலேயே ரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் இறங்குகின்றனர். செவ்வாயும் புதனும் சமநிலை நாட்கள். அலுவலகம், வீடு என்பதற்கு அப்பால் மக்களுக்குப் போக்கிடம் குறைவு. வெள்ளி மாலை மூன்று கூட்டங்கள் ஒன்றுசேரும்: அலுவலகத்திலிருந்து திரும்புவோர், வெளியில் உண்ணச் செல்வோர், ஊருக்குப் புறப்படுவோர். பெங்களூருவில் வெள்ளி இரவு ஓசூர் சாலையைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சனி மதியத்திலிருந்து நள்ளிரவுவரை நீளும். ஞாயிறு காலை மந்தம். மாலையில் சற்றே எழும்.

உணவு கொண்டு சேர்ப்பவருக்கோ இந்த வரிசை ஏறத்தாழத் தலைகீழ். ஞாயிறு மதியம் அவருடைய அறுவடை நேரம். கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் இரவுகளும் அப்படியே. வட மாநிலங்களில் நவராத்திரி நாட்களிலும், தமிழ்நாட்டில் புரட்டாசி மாதச் சனிக்கிழமைகளிலும் பிரியாணிக் கடைக்கு முன் காத்திருப்பவருக்கு வேலை குறையும். இத்தகைய செய்திகள் எந்தக் கடன் விண்ணப்பப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை. ஆனால் வரவில் கட்டாயம் தெரியும்.

தேவை மிகும் நாளெல்லாம் வருமானம் மிகும் நாள் ஆகிவிடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வெள்ளி மாலை நல்லது என்பது எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். பகுதிநேரமாக ஓட்டுபவர்களும் அன்றே வண்டியை எடுக்கின்றனர். அழைப்புகள் ஒன்றரை மடங்கு ஆகி, வண்டிகளும் ஒன்றரை மடங்கு ஆனால், ஒருவருக்குக் கிடைப்பது முன்பு இருந்ததுதான். இதற்கு மாறாக, ஞாயிறு விடியலிலும் மழை நாளிலும் அழைப்பு குறைவாக இருந்தாலும் வண்டிகள் அதைவிடக் குறைவாக இருக்கும். மழை நாளின் கூடுதல் வருமானத்தை அப்படியே ஆதாயம் என்று எழுதிக்கொள்ளவும் இயலாது. வழுக்கும் சாலை, நீரில் நின்றுபோகும் இயந்திரம், மறுநாள் காய்ச்சல் ஆகியவை அதே கணக்கின் மறுபக்கம்.

தேவை மிகும்போது தளங்கள் உயர்த்தும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. 2020ஆம் ஆண்டு நெறிகள் அடிப்படைக் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்குவரை அனுமதித்தன. 2025ஆம் ஆண்டு நெறிகள் அதை இரண்டு மடங்காக உயர்த்தின. கட்டணம் அடிப்படையில் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற தரை வரம்பும் இருக்கிறது. மாநில அரசுகள் இவற்றை ஏற்று அறிவிக்கும் அளவுக்கே இவை நடைமுறைக்கு வரும். இரவுக் கட்டணமும் ஊருக்கேற்ப மாறும்: ஆட்டோவுக்கு மும்பையிலும் தில்லியிலும் 25 சதவீதக் கூடுதல், பெங்களூருவில் 50 சதவீதம். இரவில் ஓட்டுவது நல்ல கூலி தரலாம். ஆனால் அதைப் பகல் ஓட்டத்தோடு சேர்த்தே செய்பவர்கள் தம் உடலைக் கடனாளியாக்குகின்றனர். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் செயலியில் இருக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு நெறிகள் கூறியது காரணமின்றி அன்று. ஒரு தளத்தில் 12 மணி நேரம் முடிந்ததும் இன்னொரு தளத்தைத் திறப்போர் இருக்கின்றனர். அவர்களை நிறுத்த நெறிகளால் மட்டும் ஆகாது, தவணையின் அளவும் குறைய வேண்டும்.

ஒரு வாரத்தின் கணக்கு

ஓர் ஓட்டுநரைக் கற்பனை செய்துகொள்வோம். பெங்களூருவில் சொந்தக் கார் ஓட்டுகிறார். எரிபொருளும் தளக் கட்டணமும் போக, தவணை கட்டுவதற்கு முன், அவர் கையில் நிற்பது இவ்வாறு: திங்கள் 1,100, செவ்வாய் 900, புதன் 850, வியாழன் 950, வெள்ளி 1,400, சனி 1,300, ஞாயிறு 700. வாரம் முழுவதும் ஓட்டினால் 7,200 ரூபாய். நாள் சராசரி ஏறத்தாழ 1,030.

இந்தச் சராசரி ஒரு பொய்யான அமைதியைத் தருகிறது. காய்ச்சலால் வெள்ளியும் சனியும் படுத்துவிட்டால் ஏழில் இரண்டு நாள், அதாவது 29 சதவீத நேரம் போயிற்று. ஆனால் வருமானத்தில் போனது 2,700 ரூபாய், 37.5 சதவீதம். அதே அவர் புதன்கிழமை ஓய்வெடுத்தால் இழப்பு 12 சதவீதத்துக்கும் குறைவு. ஞாயிறு ஓய்வு இன்னும் மலிவு. குழந்தைகளுக்கும் அன்றுதான் விடுமுறை. ஆயினும் பல தளங்களில் ஊக்கத்தொகைக்கான வார இலக்கு ஞாயிறு இரவுடன் முடிவதால், இன்னும் ஏழு சவாரி, இன்னும் நான்கு சவாரி என்று அன்றைக்கும் வண்டியை எடுக்கின்றனர். நம் ஓட்டுநரும் அப்படியே. அவர் புதனில் ஓய்வெடுத்து, அன்றே வண்டியைப் பழுதுபார்ப்பவரிடம் விடுகிறார் எனக் கொள்வோம். வார வருமானம் 6,350.

இனி நாட்காட்டியை எடுப்போம். 2026 ஜனவரி வியாழக்கிழமையில் தொடங்கியது. ஆகவே அம்மாதத்தில் வியாழன், வெள்ளி, சனி ஒவ்வொன்றும் ஐந்து முறை வந்தன; புதன் நான்கு. மாத வருமானம் 29,050 ரூபாய். பிப்ரவரியில் 28 நாள். எல்லாக் கிழமையும் நான்கே முறை. வருமானம் 25,400. மார்ச்சிலும் ஜனவரியைப்போல் 31 நாள்தான். ஆனால் மிகையாக வந்தவை ஞாயிறு, திங்கள், செவ்வாய். வருமானம் 28,100. உழைப்பில் மாற்றமில்லை, ஊரில் மாற்றமில்லை, கட்டணத்தில் மாற்றமில்லை. கிழமைகள் விழுந்த விதம் மட்டும் மாறியது. மாதச் சம்பளக்காரருக்குப் பிப்ரவரி ஒரு குறுகிய மாதம், அதனால் ஆதாயம்கூட. நாட்கூலிக்காரருக்கு அது 3,650 ரூபாய் குறைந்த மாதம்.

இவர் 6 இலட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்குக் கடன் வாங்கியிருந்தால் மாதத் தவணை 12,748 ரூபாய். ஜனவரியில் அது வருமானத்தில் 44 சதவீதம். கையில் 16,300 மிஞ்சும். பிப்ரவரியில் 50 சதவீதம், மிஞ்சுவது 12,650. வாடகையும் மளிகையும் பள்ளிக் கட்டணமும் மாதத்துக்கு மாதம் குறைவதில்லை. வண்டியின் டயரும் காப்பீடும் இன்னும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஆகவே எமது கருத்து இது: இவருக்கு 6 இலட்சம் கடன் மிகை. அதே நிபந்தனையில் 4 இலட்சம் வாங்கினால் தவணை ஏறத்தாழ 8,500. பிப்ரவரியிலும் அது மூன்றில் ஒரு பங்குதான். சற்றுப் பழைய வண்டியாகவோ, முன்பணம் இன்னும் ஓராண்டு சேர்த்த பின்னரோ வாங்குவது உசிதம். கடன் தொகையை ஜனவரியைக் கொண்டு முடிவு செய்யாமல் பிப்ரவரியைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். கடன் கொடுக்கும் எங்களுக்கும் இது பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஏற்கெனவே அந்தத் தவணையில் இருப்பவர் என்ன செய்வார்? நாளுக்கு 490 ரூபாய் என்று சமமாக எடுத்துவைக்கச் சொல்வது வழக்கம். ஞாயிறு 700 ரூபாய் ஈட்டுபவரிடம் 490 எடுத்துவைக்கச் சொன்னால் இரண்டாம் வாரமே அப்பழக்கம் நின்றுவிடும். அதைவிட விகிதம் நல்லது. நாள்தோறும் வந்ததில் பாதி என்று வைத்துக்கொண்டால், வெள்ளி 700, ஞாயிறு 350. ஜனவரியில் இவ்வாறு 14,525 சேரும்; தவணை போக 1,777 மிச்சம். பிப்ரவரியில் 12,700 மட்டுமே சேரும். தவணைக்கு 48 ரூபாய் குறையும். ஜனவரியின் மிச்சம் அதை எளிதில் ஈடுசெய்யும். அந்த மிச்சத்தை எடுத்துச் செலவழிக்காதிருப்பதே இம்முறையின் ஒரே நிபந்தனை. அதற்கெனத் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றை வைத்திருப்பது நலம். தொகையை மாதந்தோறும் கூட்டிக் குறைத்துச் செலுத்த இடமளிக்கும் தொடர் வைப்புத் திட்டங்களும் சில வங்கிகளில் உண்டு.

தவணைத் தேதியையும் கவனிக்கலாம். கடன் ஒப்பந்தத்தின்போதே தேதியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கேளுங்கள். தளங்கள் வாரக் கணக்கு முடித்துப் பணம் அனுப்பும் நாளைக் கவனித்து, அதற்குப் பின் வரும் தேதியாக இருந்தால் நல்லது. கணக்கில் பணமின்றித் தவணை திரும்பினால் அதற்குக் கட்டணம் உண்டு. கடன் தகவல் அறிக்கையிலும் அது பதியும். தாமதத்துக்கு அபராதத் தொகை மட்டுமே விதிக்கலாம், அதை வட்டியோடு சேர்த்து அதன்மேல் மீண்டும் வட்டி கணக்கிடக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 முதல் நடைமுறையில் உள்ளது. தவணை தவறி 90 நாள் கடந்தால் கடன் வாராக்கடனாகிறது. அதற்கு முன், முதல் மாதத் தடுமாற்றத்திலேயே கிளைக்கு வந்து பேசுபவருக்கு வழிகள் பல உண்டு. மூன்றாம் மாதம் வருபவருக்கு மிகச் சில.

இனி ஒரு நடைமுறைச் செய்தி. பயணிகள் ரொக்கமாகத் தரும் தொகை கணக்கைத் தொடாமலேயே செலவாகிவிடுகிறது. பெட்ரோல் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் அது தீர்ந்துபோன பின், கணக்குப் புத்தகம் காட்டும் வருமானம் உண்மையில் பாதியாகத் தெரியும். வாரம் ஒருமுறையேனும் ரொக்கத்தைக் கணக்கில் செலுத்துவதும், இயன்றவரை யூபிஐ வழியே பெறுவதும் பின்னாளில் கடன் தகுதியைத் தீர்மானிக்கும். பல தளங்கள் தத்தம் செயலியிலேயே வார வருமான அறிக்கையைத் தருகின்றன. அதைச் சேமித்துவைக்க வேண்டும்.

சமூகப் பாதுகாப்பிலும் மாற்றம் வந்திருக்கிறது. இத்தகைய பணியாளர்களைச் சட்டத்தில் முதன்முதலாக வரையறுத்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. தளங்கள் தம் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தை, பணியாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீத உச்சவரம்புக்கு உட்பட்டு, நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது அச்சட்டம். ராஜஸ்தான் 2023இலும் கர்நாடகம் 2025இலும் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் தனி நல வாரியம் அமைக்கப்பட்டுள்ளது. இவற்றின் பயனைப் பெற இ-ஷ்ரம் தளத்திலும் மாநில வாரியத்திலும் பதிவு செய்திருப்பது உதவும். பதிவுக்கு ஆதார் எண் வேண்டும், கட்டணம் இல்லை.

வண்டிக் கடன் கேட்டுக் கிளைக்கு வரும்போது ஓட்டுநர் உரிமம், அனுமதிச் சீட்டு ஆகியவற்றோடு பன்னிரண்டு மாதக் கணக்கு அறிக்கையையும் தள வருமான அறிக்கையையும் கொண்டு வாருங்கள். மூன்று மாத அறிக்கை போதும் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த மூன்று மாதம் தீபாவளியைச் சுற்றி அமைந்திருந்தால் அதனால் நட்டம் உங்களுக்கே.